மூன்று கம்பி போதும்

ஜூன் 2, திங்கள்

பேட்டரிக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஐந்து மாதம் சும்மா கிடந்தது. "கோவம் வந்தா வாயத் தொறக்காத, எழுதித் தொலை" என்று அக்கா சொன்னதால் இன்று திறந்திருக்கிறேன். போன வாரம் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் நான் மவுஸைத் தூக்கி எறிந்த செய்தி அவள் காதுக்குப் போயிருக்கிறது. சுவர்மேல்தான் எறிந்தேன். அதை யாரும் சொல்வதில்லை.

இன்று கோபப்பட ஒன்றுமில்லை. மதுரை புதூரில் ஒரு பிரெயில் அச்சகத்தில் வேலை. பார்வையற்றவர்கள் விரலால் வாசிக்கிற புள்ளிப் புத்தகம் போடும் இடம். அவர்களுடைய பிரிண்டர் இருபது வருடப் பழசு. தடித்த தாளில் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளி எழுப்பும். சத்தமென்றால் அப்படியொரு சத்தம். பக்கத்துக் கடைக்குப் புதிதாக ஒரு பல் டாக்டர் வந்திருக்கிறார். வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகள் சுவருக்கு அந்தப் பக்கம் டகடகவென்று கேட்டதும் எழுந்து ஓடிவிடுகிறார்களாம். அவர் புகார் சொல்ல, பிரிண்டரைப் பின்பக்க ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் முன்பக்க ஆபீசில். நடுவில் அறுபது மீட்டர் முற்றம்.

பிரிண்டரில் இருப்பது ஒன்பது ஊசி கொண்ட பழைய சீரியல் போர்ட். அந்த வயர் அத்தனை தூரம் தாங்காது. அதனால் ஷெட்டில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வைத்தேன். பிரிண்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு சாண் சீரியல் வயர், பெட்டியிலிருந்து ஆபீசுக்கு நெட்வொர்க் கேபிள். கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் போட்டால் போதும், பிரிண்டர் தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

சீரியல் வயரை நானே பற்றவைத்தேன். ஒன்பது ஊசி இருந்தாலும் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, எர்த் ஒன்று, மூன்று கம்பி போதும். எடைமேடை, பில் மெஷின் என்று நூறு இடத்தில் செய்திருக்கிறேன். முதலில் பிரிண்டர் அசையவில்லை. செட்டிங்கில் ஏதோ ஒரு "காத்திரு" சமாச்சாரம் இருந்தது. அதை அணைத்தேன், ஓடிவிட்டது. மொத்தம் இரண்டரை மணி நேரம். இந்த ஊரில் இதை இவ்வளவு சீக்கிரம் வேறு யார் செய்வார் என்று தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். வரிசை வரிசையாக, பளிச்சென்று புள்ளிகள். "சூப்பரா வந்திருக்கு" என்று சொல்லி, திருத்தம் பார்க்கிறவரிடம் நீட்டினேன். அவர் பெயர் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. விரலை ஒரு வரி ஓட்டினார், இரண்டாம் வரி ஓட்டினார்.

"சார், இது பிரெயில் இல்ல. தாளுக்கு அம்மை போட்டிருக்கு."

ஆபீசே சிரித்தது. தாள் போடுகிற மூக்கம்மாள் அக்கா ரொம்ப நேரம் சிரித்தார். கம்ப்யூட்டர் ஒரு வேகத்தில் பேச, பிரிண்டர் வேறு வேகத்தில் கேட்டிருக்கிறது. வேகத்தைச் சமமாக்கினேன். அடுத்த பக்கம் சரியாக வந்தது. சரி என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு தாளும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஜூன் 4, புதன்

கரண்ட் போய் வந்தது. பெட்டியின் நெட்வொர்க் முகவரி மாறிவிட்டது, கம்ப்யூட்டர் அதைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தது. நிரந்தர முகவரி கொடுத்தேன். பத்து நிமிடம். மவுஸ் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

இவர்கள் இப்போது போடுவது குரூப் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகம், மூன்று பாகம். திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் பார்வையற்றவர்கள் ஆறு பேர் படிக்கிறார்கள். தேர்வு இருபத்தொன்பதாம் தேதி. அவர்களுக்காக ஆறு காப்பி.

முதலில் ஒரு திருத்தக் காப்பி. மூக்கம்மாள் அக்கா ஷெட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கொண்டுவருவார். ஜெசிந்தா தடவிப் பார்த்து "ம்" என்றால்தான் அடுத்த பக்கத்தை அனுப்புவோம். இரண்டு நாளாக இதுதான் நடக்கிறது. நான் அங்கே இருக்கத் தேவையில்லை. ஆனாலும் கேபிள் எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். கேபிள் நன்றாக இருந்தது.

மாலையில் கடைசிப் பக்கமும் தேறியது. மேனேஜர் இருளப்பன் சார் ஓய்வுபெற்ற தாசில்தார். எதுவாக இருந்தாலும் எழுத்துமூலம் வேண்டும் அவருக்கு. "சோதனை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கிளம்பும்போது ஜெசிந்தா கேட்டார். "சார், நாளைக்கு ஆறு காப்பியும் ஓடுறப்ப நானும் ஷெட்ல உக்காந்துக்கிறேன்."

"எதுக்கு மேடம்? தரையெல்லாம் வயரு, அங்கிட்டு இரும்புக் கம்பி வேற கெடக்கு. தடுக்கிவிட்ருச்சுன்னா? நான் பாத்துக்கிறேன்."

"முன்னாடி மெஷினு பக்கத்துலயே இருக்கும், அதான்..."

"நான் இருக்கேன்ல மேடம்."

அவர் சரி என்றார். எனக்கு என்னவோ பெரிய உதவி செய்த மாதிரி இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

ஆறு காப்பியும் முடிந்து, தைத்து, பார்சலில் திண்டுக்கல் போய்விட்டது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் திருத்தியவர் பெயரைப் புள்ளியில் போடுவது இவர்கள் வழக்கம். ஜெசிந்தா பெயர் போட்ட புத்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று மூக்கம்மாள் அக்கா சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெசிந்தா சத்தமாகச் சிரித்தார்.

தடித்த தாள் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. மில்லிலிருந்து ஜூலையில்தான் வருமாம்.

ஜூன் 12, வியாழன்

அக்கா யாரோ ஒரு பெண்ணின் ஜாதகம் அனுப்பியிருக்கிறாள். பார்க்கவில்லை. வேலை இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மோசமான நாள்.

காலையில் திண்டுக்கல்லிலிருந்து பாக்கியநாதன் என்பவர் போன் செய்தார். ஆறு பேரில் மூத்தவர், இது அவருக்கு நான்காவது முயற்சி. இருளப்பன் சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தமிழ்நாட்டு மாநில விலங்கு எது சார்?"

"நீலகிரி வரையாடு."

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். உங்க புக்குல மரகதப் புறான்னு இருக்கு. புறாவுக்கு எப்ப சார் நாலு காலு மொளைச்சுச்சு?"

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நடுவில் ஒரு வரி காணாமல் போயிருக்கிறது. "மாநில விலங்கு" என்று ஒரு வரி முடிகிறது. அடுத்த வரியில் வரையாடும் "மாநிலப் பறவை"யும் வரவேண்டும். அந்த வரி இல்லை. அதற்கடுத்த வரியில் மரகதப் புறா உட்கார்ந்திருக்கிறது. இப்படி எத்தனை இடம் என்று தெரியவில்லை. புறாவைப் போல உளறலாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். நல்லபடியாக ஒட்டிக்கொள்கிற தப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெசிந்தா திருத்தக் காப்பியை எடுத்து அந்த இடத்தைத் தடவினார். "என் காப்பியில வரையாடு இருக்கு சார்."

"ஒங்க காப்பியில இருந்து என்னம்மா பிரயோஜனம்? பசங்க காப்பியில இல்லியே. கடைசிப் பக்கத்துல பேரு ஒங்க பேருதான?" என்றார் இருளப்பன் சார். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். அடுத்த புத்தகத்திலிருந்து திருத்தும் வேலையைச் சென்னைக்கு அனுப்பிவிடலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜெசிந்தா திருத்தக் காப்பியை மூடி வைத்தார். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறாராம்.

நெட்வொர்க்கில் பார்க்கிறேன் என்று சொல்லி நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 14, சனி

கேபிளில் ஓரிடத்தில் எலி கடித்திருந்தது. பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். கேபிளை மாற்றினேன், ஒரு பக்கம் அடித்தேன். சரியாக வந்தது. ஆனால் கேபிளை மாற்றுவதற்கு முன்பும் ஒரு பக்கம் அடித்திருந்தேன். அதுவும் சரியாகத்தான் வந்திருந்தது. எலி பாவம்.

பெட்டியின் அடாப்டரை மாற்றினேன். சரியான பக்கம். மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். சரியான பக்கம். எத்தனை முறை அடித்தாலும் சரியாக வரும் ஒரு இயந்திரத்தில் எந்தப் பழுதைப் பிடிப்பது? மிச்சம் கிடக்கும் தாள்கள் வேறு கரைகின்றன. மவுஸைத் தூக்கிவிட்டேன். கீழே வைத்துவிட்டேன்.

ஜெசிந்தா மறுபடியும் ஷெட்டுக்கு வரட்டுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று மூக்கம்மாள் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

இன்று யாரையும் கேட்காமல் வந்துவிட்டார். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, வயரையெல்லாம் கோலால் ஒதுக்கிவிட்டு, இரும்புக் கம்பி மூலைக்கு நேர் எதிரே போய் நின்றார். தடுக்கி விழுந்தது நான்தான். ஸ்டூலை எடுத்துப் போட ஓடியபோது என் கேபிளே காலில் மாட்டிக்கொண்டது.

"பாத்து சார். தரையெல்லாம் வயரு" என்றார்.

பிறகு, "ஒரு பக்கம் வேணாம். விடாம பத்துப் பக்கம் ஓட்டுங்க" என்றார். மூக்கம்மாள் அக்கா ஆபீசுக்குப் போய் அனுப்பினார். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. ஜெசிந்தா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆறாவது பக்கம் ஓடும்போது கையை உயர்த்தினார்.

"மூச்சு விடவே இல்ல சார் இது."

"எது?"

"மெஷினு. எழுத்து நெருக்கமா இருந்தா நாலஞ்சு பக்கத்துக்கு ஒருக்கா நிக்கும். ரெண்டு நொடி நின்னுட்டு மறுபடி ஓடும். பதினோரு வருசமா கேக்குறேன். இப்ப நிக்கவே மாட்டேங்குது."

அப்போதுதான் அவர்களுடைய முறை எனக்குத் தெரிந்தது. முதல் காப்பியை விரலால் பார்ப்பார். மற்ற காப்பிகள் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதால் பார்ப்பார். சத்தத்தில் ஏதாவது பிசகினால் அந்தப் பக்கத்தை எடுத்துத் தடவுவார். பிரிண்டரை நகர்த்தியபோது அவருடைய பாதித் திருத்தத்தையும் சேர்த்து நகர்த்திவிட்டோம். உட்காரட்டுமா என்று கேட்டவரை நான் ஆபீசிலேயே இருத்திவிட்டேன்.

மற்றது எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது. பிரிண்டர் மெதுவாகக் குத்தும். அதன் நினைவகம் சின்னது. நிறைந்துவிட்டால் கம்ப்யூட்டரிடம் "பொறு" என்று சொல்லும். அதற்கென்று தனியாக ஒரு கம்பி உண்டு. நான் பற்றவைத்த மூன்றில் அது இல்லை. முதல் நாள் கம்ப்யூட்டர் அந்தக் கம்பியில் பதில் வரட்டும் என்று காத்திருந்தது. நான் காத்திருப்பதையே அணைத்துவிட்டேன். பக்கம் பக்கமாக அனுப்பியபோது இடைவெளி இருந்ததால் ஒன்றும் வழியவில்லை. ஆறு காப்பியை விடாமல் ஓட்டியபோது கம்ப்யூட்டர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கொள்ளாத வரிகள் போயே போய்விட்டன.

விட்ட கம்பிகளையும் பற்றவைத்து, பெட்டியிலேயே "காத்திரு" போட்டு, மீதித் தாளில் ஓட்டினோம். நான்காம் பக்கம் முடிந்ததும் பிரிண்டர் நின்றது. ஒன்று, இரண்டு. மறுபடி ஓடியது. ஜெசிந்தா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதை எழுத வரவில்லை எனக்கு.

"என்ன சார் கோளாறு?" என்று கேட்டார்.

"வயர்ல ஒரு கம்பி பழுது மேடம்."

"பழுதா?"

"ஆமா."

அவர் கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

இருளப்பன் சார் எழுத்துமூலம் கேட்டார். "சீரியல் வயரில் பழுது. சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. கம்பி இல்லாததும் ஒரு வகைப் பழுதுதான்.

"வயரு பழுதுன்னே வச்சுக்குவோம். காப்பியப் பாத்து அனுப்ப வேண்டியது அந்தம்மா பொறுப்புதான?" என்றார் அவர். சென்னைக்கு அனுப்பும் கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. நான் காபியைக் குடித்து முடித்தேன்.

மறுபடி அச்சடிக்கத் தாள் கிடையாது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான். நானே திண்டுக்கல் போய் ஆறு காப்பியையும் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னேன். எப்படி என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

ஜூன் 18, புதன். திண்டுக்கல்

எப்படி என்பதைப் பாக்கியநாதன் கண்டுபிடித்தார். ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆறு காப்பியிலும் வேறு வேறு வரிகள் போயிருக்கின்றன. அதனால் நான் மையில் அச்சிட்ட மூலத்திலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். அவர்கள் தங்கள் காப்பியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார்கள். யாருக்கு வரி இல்லையோ அவர் "எனக்கில்ல!" என்று கத்த வேண்டும். நான் நிறுத்தி, திரும்ப வாசிப்பேன். அவர் பிரெயில் பலகையில் ஒரு துண்டுத் தாளைச் செருகி, ஊசியால் அந்த வரியைக் குத்தி, அந்த இடத்தில் ஒட்டிக்கொள்வார்.

"எனக்கில்ல!" "எனக்குமில்ல!" "அண்ணே, எனக்கு ரெண்டு வரியக் காணோம்!" கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் கேட்கிற மாதிரி இருந்தது. நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். முதல் பாகத்தில் பாதி ஆனது. தொண்டை கட்டிவிட்டது.

ஒருவர்கூட வரி எப்படிப் போனது என்று கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

முதல் பாகம் முடிந்தது, இரண்டாம் பாகத்தில் பாதி. சித்ராதேவி என்ற பெண் சுக்குமல்லிக் காபி போட்டுக் கொடுத்தார். இரண்டு பேர் என் உச்சரிப்பைத் திருத்தினார்கள்.

இன்றும் யாரும் கேட்கவில்லை. ஜெசிந்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஏதாவது கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நெட்வொர்க், மின்னழுத்தம், எலி என்று கைவசம் நிறைய இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். விரல்கள் எல்லாம் கடைசி வரியில் போய் நின்றன. அது என் மூலத்தில் கிடையாது. என்னவென்று கேட்டேன். "திருத்தம், ஜெசிந்தா" என்று பாக்கியநாதன் வாசித்தார். வாசித்துவிட்டு விரலை எடுக்கவில்லை. மற்றவர்களும் எடுக்கவில்லை.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். மூன்று கம்பி பற்றவைத்தது, காத்திருப்பை அணைத்தது, வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்துச் "சோதனை சரி" எழுதியது, கூட உட்காருகிறேன் என்றவரை வரவேண்டாம் என்றது, பழுது என்று பொய் சொன்னது, எல்லாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கு என் முகம் தெரியாது என்பது அந்த நேரத்தில் கொஞ்சம்கூட உதவவில்லை.

 சித்ராதேவி ஏதோ எண்ணுவதுபோல விரலை மடக்கினார். பாக்கியநாதன், "சரிண்ணே, மூணாம் பாகம்" என்றார்.

மதியம் இருளப்பன் சாருக்குப் போன் செய்து அத்தனையும் சொன்னேன். "எழுத்துமூலம்" என்றார். இந்த டைரியிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, "தவறு முழுவதும் என்னுடையது. ஜெசிந்தா அவர்களின் திருத்தத்தில் பிழை ஏதுமில்லை. ஷெட்டில் உட்கார அனுமதி கேட்டவரைத் தடுத்தவனும் நானே" என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "பெறப்பட்டது. சென்னைக் கடிதம் ரத்து" என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்று: "இனி உங்கள் சேவை தேவையா என்பது பரிசீலனையில் உள்ளது." நியாயம்தான்.

ஜூன் 21, சனி

மூன்றாம் பாகமும் முடிந்தது. இருநூற்றுப் பதினேழு துண்டுத் தாள். இரவு உணவுக்குள் மதுரை வந்துவிட்டேன். ஜெசிந்தாவிடம் நேரில் சொல்ல வேண்டும்.

ஜூன் 23, திங்கள்

சொன்னேன். "ம்" என்றார். பக்கம் தேறினால் சொல்வாரே, அதே "ம்".

ஜூன் 29, ஞாயிறு

தேர்வு. காலையிலிருந்து கடையைத் திறக்கவில்லை. மதியம் பாக்கியநாதன் கூப்பிட்டார். ஆறு பேரும் நன்றாக எழுதியிருக்கிறார்களாம். அதாவது, அவர்கள் சொல்லச் சொல்ல உதவிக்கு வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"நீங்க வாசிச்ச வரியில மூணு கேள்வி வந்துச்சுண்ணே. மூணும் உங்க கொரல்லயே ஞாபகம் வந்துச்சு. கட்டுன தொண்டையோட."

 அவர் தொடர்ந்தார்.

"இன்னொண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க வர்றதுக்கு மொத நாளே ஜெசிந்தாக்கா போன் பண்ணிட்டாங்க. நீங்க ஷெட்ல வயரப் பிரிச்சப்பவே தடவிப் பாத்துட்டாங்களாம், மூணு கம்பிதான் இருந்துச்சாம். கம்பி மேட்டரெல்லாம் எங்களுக்குத் தெரியும். வர்றவர்ட்ட யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது, அவராத்தான் சொல்லணும்னுட்டாங்க. நாங்க பந்தயம் கட்டுனோம். நான் நீங்க சொல்லவே மாட்டீங்கன்னேன். சித்ரா நாலாம் நாளுன்னா. அக்கா மட்டும் மூணாம் நாளுன்னாங்க. தோத்தவுங்க ஒரு தார் சிறுமலைப் பழம் வாங்கித் தரணும்."

அவர் போனை வைத்த பிறகும் நான் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். பதினாறாம் தேதி ஷெட்டில் நான் "பழுது" என்றபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சென்னைக் கடிதம் மேஜைமேல் இருந்த அத்தனை நாளும் வாயைத் திறக்காமல், ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடியவர், என்மேல் பந்தயம் கட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அழுதேன். கடை மூடித்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

தாள் வந்துவிட்டது. பரிசீலனை முடிந்து என்னை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனபோது ஜெசிந்தா ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தார் சிறுமலைப் பழம். மூக்கம்மாள் அக்கா ஏற்கெனவே பாதிச் சீப்பை முடித்திருந்தார்.

"எடுத்துக்கங்க சார்."

"எனக்கெதுக்கு மேடம்? பந்தயத்துல ஜெயிச்சது நீங்க."

"நான் சும்மா சொன்னதோட சரி" என்றார். "ஜெயிச்சுக் குடுத்தது நீங்கதான சார்."

நாலு பழம் சாப்பிட்டேன்.